இரண்டு தட்டு

“இதனால் திண்டுக்கல் மாநகரப் பெருமக்களுக்கும், சுற்றுவட்டார வீரக்குடி மக்களுக்கும், அகில தென்னாட்டுச் சிலம்ப வீரர் மகா சபையார் ஆழ்ந்த துயரத்தோடு அறிவித்துக்கொள்வது யாதெனில், களத்தில் தோல்வி என்பதையே கண்டறியாத சிங்கம், கம்பெடுத்தால் காற்றும் ஒதுங்கி நிற்கும் வேங்கை, சிலம்பச் சக்கரவர்த்தி சோலைமுத்து அவர்கள் இன்று காலை ஆறரை மணி அளவில் வீரசொர்க்கம் எய்திவிட்டார்…”

குதிரைவண்டியின் கூரைமேல் கட்டியிருந்த மைக்குழாய், ‘எய்திவிட்டார்’ என்ற இடத்தில் ஒருமுறை வீறிட்டுவிட்டுச் சந்தைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

ஒச்சம்மாள் அப்போது அந்தச் சிங்கத்தின் தாடையைத் தூக்கிக் கட்டுவதற்காகப் பழைய வேட்டியின் கரையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதுச் சிங்கம். வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றுவிட்டது. ஏதோ கேட்க வந்து, கேட்காமல் நிறுத்தினாற்போல் இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

வீரசொர்க்கத்துக்குப் போன வழி ஒன்றும் பெரிய வழி இல்லை. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே இருக்கிற நிலைப்படி. பல் விளக்கி, வாய் கொப்பளித்து, நீராகாரம் குடித்துவிட்டு, வேலைக்குக் கிளம்பத் துண்டை உதறித் தோளில் போட்டார். புகையிலைக் கிட்டங்கியில் எடை போடுகிற வேலை. கிளம்பும்போது தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“வேற ஒண்ணும் இல்லையே?”

தினமும் சொல்கிற பதிலை அவளும் சொன்னாள். “உப்பு வாங்கிட்டு வாங்க.”

“ம்” என்றார். துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கத்தான் குனிகிறார் என்று நினைத்து அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வீட்டுச் சிவனம்மாள் வாய்க்கரிசிக்கு அரிசியும் குழிக்கு உப்பும் எடுக்க அடுக்களைக்குள் போனாள். அந்த வகையறாவில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். குழியில் உடம்பைச் சுற்றி ஒரு படி உப்புப் போடுவது வழக்கம். போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“யாத்தே! ஏண்டி ஒச்சா, பானையில உப்பு, சாடியில உப்பு, சரி இந்தத் தகர டின்னுல அரிசி இருக்கும்னு தொறந்தா அதுலயும் உப்பு! ரெண்டு உசுருக்கு இம்புட்டு உப்பா? தூத்துக்குடியவே பேத்துக் கொண்டாந்து வச்சிருக்க!”

“அவுக வாங்கியாந்தது.”

“வேணாம்னு சொல்ல உனக்கு வாயில்லையா?”

ஒச்சம்மாள் தாடைக்கட்டின் முடிச்சை உச்சந்தலையில் இறுக்கினாள். வாய் மூடிக்கொண்டது. கேட்க வந்தது உள்ளேயே தங்கிவிட்டது.

அவளுக்கும் கேட்க ஒன்று இருந்தது. ஐந்து வருஷமாக இருந்தது. ‘என் மேல கோவமா?’ அவ்வளவுதான். திருவிழா முடியட்டும், மழை இறங்கட்டும், அவருக்குக் காய்ச்சல் விடட்டும் என்று தள்ளித் தள்ளி வைத்தது. இப்போது கேட்டால், சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதை ஒப்பாரி என்று எடுத்துக்கொண்டு, கூட நாலு வரி சேர்த்துப் பாடிவிடுவார்கள்.

ஒச்சம்மாள் கம்பு பிடித்த கதை மகா சபையின் ஏடுகளில் கிடையாது. சபைக்கு ஏடும் கிடையாது. ஒரு ரப்பர் ஸ்டாம்பு உண்டு.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஐம்பத்தொன்றில், சோலைமுத்துவோடு ஜோடி கட்டி ஆடிக்கொண்டிருந்த பேகம்பூர் ஜெகபர் அலி, தோல் ஷாப்பு வேலையாக ஆம்பூருக்குப் போய்விட்டார். மாசித் திருவிழாப் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எதிரில் ஆள் இல்லாமல் சிலம்பம் பழகுவது, பெண்டாட்டி ஊருக்குப் போன வீட்டில் சண்டை போடுவது மாதிரி. ஒருநாள் விடியலில், கொல்லையில் சாணி கரைத்துக்கொண்டிருந்தவளிடம் சோலைமுத்து ஒரு கம்பை நீட்டினார்.

“சும்மா புடிச்சுக்கிட்டு நில்லு. நான் வீசுறப்ப நகந்துக்க. வேற ஒண்ணும் இல்ல.”

முதல் வருஷம் நின்றாள். தூணுக்குக் கிடைக்கிற மரியாதை கிடைத்தது. இரண்டாம் வருஷம் தூண் நகரத் தெரிந்துகொண்டது. மூன்றாம் வருஷம் தூண் திருப்பித் தட்டியது. இப்படிப் பிடி, அப்படி வை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித்தருகிறோம் என்றால் அவருக்கு வெட்கம். கற்றுக்கொள்கிறோம் என்றால் அவளுக்கு வெட்கம். முழங்காலில் விழுந்த வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, அந்த அடி எந்தப் பக்கமிருந்து வந்தது, அப்போது தன் கால் எங்கே இருந்தது என்று சோறு வடிக்கும்போது யோசிப்பாள். மறுநாள் அந்த அடி அவளிடம் பலிக்காது. வேறொன்று பலிக்கும். அவள் வளர்ந்தது அப்படித்தான், வீக்கம் வீக்கமாக.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு அடி இருந்தது. உலக்கை பிடிக்கிறவள் ஒரே கையால் குத்திக்கொண்டே இருக்க முடியாது. உலக்கை மேலே ஏறி நிற்கிற அந்த ஒரு நொடியில் வலக்கை விட்டுவிடும், இடக்கை வாங்கிக்கொள்ளும். குத்துப்படுகிற நெல்லுக்குக்கூட வித்தியாசம் தெரியாது. ஒருநாள் கொல்லையில் கம்பு உச்சிக்கு ஏறியபோது, அவள் நினைக்காமலே கை மாறிவிட்டது. வலப்பக்கம் காத்துக்கொண்டிருந்த சோலைமுத்துவின் இடது தோளில் அடி விழுந்தது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அவள் கையையே பார்த்தார்.

“மறுக்கா செய்யி” என்றார்.

ஐம்பத்தைந்து மாசிப் போட்டியில் அந்த அடியை அவர் எடுத்துக்கொண்டு போனார். பெண்கள் களத்துப் பக்கம் வரக்கூடாது. ஒச்சம்மாள் சுருட்டுக் கம்பெனி மொட்டைமாடியில், மூன்று கொண்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். குஜிலியம்பாறைக்காரன் ஒருவன், ஆறடி உயரம், சோலைமுத்துவின் வலக்கையையே கண்வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். இடக்கை வந்து நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுப் போனது. கூட்டம் எழுந்து கத்தியது. சபைத் தலைவர் பொன்னழகு மைக்கைப் பிடுங்கி, “பார்த்தீர்களா! இதுதான் சோலைமுத்து மாத்து! நமது மகா சபையின் அரிய கண்டுபிடிப்பு!” என்று முழங்கினார். சோலைமுத்து கூட்டத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் கையைத் தூக்க நினைத்தாள். கையில் பொரிகடலைப் பொட்டலம் இருந்தது. பொட்டலத்தை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கத்தலும் தூக்கலும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. விடியலில் அந்த அரைமணிதான் வேண்டும். சிலம்பத்தில் கம்பைப் பார்க்கிறவன் அடி வாங்குவான். எதிராளியின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். சோலைமுத்து கூச்ச சுபாவம். தட்டைப் பார்த்துப் பேசுவார், சுவரைப் பார்த்துச் சிரிப்பார். பிள்ளை தங்காமல் போன வருஷம், கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார். கொல்லையில் மட்டும், அரைமணி நேரம், இமை கொட்டாமல் அவளைப் பார்ப்பார். எங்கே அடிக்கலாம் என்று தேடுகிற பார்வைதான். இருந்தாலும் பார்வை.

ஐம்பத்தேழு தை மாதம் அது போயிற்று.

கம்பின் நுனியில் ஈரச் சாம்பலை அப்பிக்கொண்டு ஆடுவார்கள். பட்ட இடத்தில் பொட்டு விழும். கை கால் தோளில் விழுந்தால் ஆட்டம் தொடரும். நெற்றியில் விழுந்தால் அதோடு முடிந்தது. ஆறு வருஷத்தில் இருவர் நெற்றியிலும் அது விழுந்ததில்லை. அன்றைக்கு ஒச்சம்மாளின் கம்பு மேலே ஏறியது. கை மாறும் என்று அவர் இடப்பக்கம் தயாராக இருந்தார். கை மாறவில்லை. நேராக வந்தது. கடைசி நொடியில் அவள் வேகத்தைப் பிடித்துக்கொண்டதால், புருவ மத்தியில் தாய் பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி மெத்தென்று பட்டது.

அவர் அசையவில்லை. அவளும் அசையவில்லை. பூசணிக்கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்றுதான் நடையைக் கட்டியது. பிறகு அவர் தம் கம்பைத் தாழ்வாரத்து ஆணியில் மாட்டினார். நீராகாரம் குடிக்காமல், திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனார். தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பெண்டாட்டி வைத்த பொட்டோடு எந்த ஆம்பளை கிட்டங்கிக்குப் போவான்?

மறுநாள் விடியலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அவர் துவைகல்லில் உட்கார்ந்து வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தார். ஆணியில் கம்பு மாட்டினது மாட்டினபடி இருந்தது. அவளைப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த அவள் கம்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சரி, கோபம் என்று அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதற்கடுத்த நாளும் துவைகல். அதற்கடுத்த நாளும். ஒரு மனிதன் முப்பத்திரண்டு பல்லுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. கிளம்பும்போது நிலைப்படியில் நின்று, “வேற ஒண்ணும் இல்லையே?” என்பார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவள், “உப்பு வாங்கிட்டு வாங்க” என்பாள். அவசரத்துக்கு வாயில் வருவது உப்புதான். இருக்கிறதே என்று அவரும் சொன்னதில்லை. வாங்கி வந்தார்.

ஒருமுறை அவள் உலக்கையை மூலையில் சாத்தும்போது கைநழுவி, பூண் தரையில் ‘டொக்’கென்று விழுந்தது. கொல்லையிலிருந்து வாய் நிறைய நுரையோடு ஓடி வந்தார்.

“என்ன?”

“உலக்கை விழுந்துருச்சு.”

“ஓ” என்றார். செத்த நேரம் நின்று உலக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இதற்கு ஏன் இப்படி ஓடி வரவேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்த மாசிப் போட்டிக்கு அவர் போகவில்லை. “இனி ஆடலீங்க தலைவரே” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பொன்னழகு அதற்கு ‘தோல்வி காணாத் துறவு’ என்று பெயர் வைத்து, விழா எடுத்து, பொன்னாடை போர்த்தினார்.

அந்தப் பொன்னாடை எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் பத்து மணிக்கு வந்து இறங்கினார் பொன்னழகு. மூக்குப்பொடிக் கடை முதலாளி. மகா சபையில் பதினோரு உறுப்பினர். கம்பு பிடிக்கத் தெரிந்தவர் மூவர், மீசை பிடிக்கத் தெரிந்தவர் எண்மர். தலைவர் இரண்டாவது வகை.

“தங்கச்சி, மனசைத் தேத்திக்க. வீரனோட பொஞ்சாதி அழுகக் கூடாது. அந்தப் பொன்னாடையை எடு. போத்தித்தான் தூக்கணும்.”

ஒச்சம்மாள் அழுதுகொண்டிருக்கவில்லை. சிவனம்மாள் போய், கோழிக்கூடையின் மேலிருந்து பொன்னாடையை எடுத்து உதறிக்கொண்டு வந்தாள். சரிகையில் இருந்ததைத் தலைவர் பார்க்காதது மாதிரி பார்த்தார்.

நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி முடித்து, வாசல் பந்தலில் பாடைக்குப் பக்கத்தில் பெஞ்சில் கிடத்தினார்கள். கொள்ளிச்சட்டி பிடிக்க அண்ணன் மகன் மூக்கையா ஈர வேட்டியோடு வந்து நின்றான். கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்சி முடித்தார்கள். எல்லாம் தயாரான பிறகு சபைக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது.

சிலம்பக்காரன் செத்தால் சும்மா தூக்கிவிட முடியாது. கால்மாட்டில் ஒருவன் நின்று கம்பெடுத்துச் சலாம் வைக்க வேண்டும். அந்த ஒருவன், செத்தவனை எப்போதாவது நெற்றியில் தொட்டவனாக இருக்க வேண்டும். உன்னை ஜெயித்தவனே உனக்குத் தலை வணங்குகிறான் என்று அர்த்தம். வழக்கம் அழகான வழக்கம்தான். ஆனால் செத்தவர் தோல்வியே கண்டறியாதவர் என்று காலையிலிருந்து குதிரைவண்டி வைத்து ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

தலைவர் தொண்டையைச் செருமினார். “சபையோர்களே, வெளியில சொல்லாத விசயம் ஒண்ணு. அம்பதுல, தனிப் பயிற்சியில, நான் ஒரு தரம் சோலைமுத்துவைத் தொட்டிருக்கேன்.”

“எங்க தொட்டீக?” என்றது ஒரு குரல்.

பேகம்பூரிலிருந்து ஜெகபர் அலி வந்திருந்தார். ஆம்பூரிலிருந்து திரும்பி வருஷம் எட்டாயிற்று. தோல் ஷாப்பிலிருந்து அப்படியே வந்ததால் கையெல்லாம் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டைக் கறை. பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்து, சோலைமுத்துவின் பாதத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“நெத்தியிலதான் பாய்.”

“பொடி போட்டுத் தும்முனப்ப கை பட்டுச்சே, அதைச் சொல்றீகளா? அன்னைக்கு நானும் இருந்தேன்.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

“பாய், எழவு வீடு. வார்த்தையை அளந்து பேசுங்க. தொட்டேன்னா தொட்டேன்.”

“தொட்டீகன்னா, மறுநா அவன் வாசல்ல வந்து ரெண்டு தட்டுத் தட்டினீகளா?”

தலைவர் மடியில் பொடி டப்பாவைத் தேடினார்.

“தட்டலையில்ல? அப்ப தொடல.” ஜெகபர் அலி பக்கத்திலிருந்த மூக்கையாவிடம் திரும்பினார். “உனக்குத் தெரிஞ்சிருக்காது அப்பு. இந்த ஆட்டத்துல ஒரு மொற இருக்கு. நெத்தியில தொட்டவன்தான் வந்து, தொடப்பட்டவன் வாசல்ல கம்பை ஊணி ரெண்டு தட்டுத் தட்டணும். எந்திரிச்சு வா, மறுபடி ஆடுவோம்னு அர்த்தம். அதுவரைக்கும் தோத்தவன் கம்பைத் தொடக் கூடாது. வான்னு வாய்விட்டுக் கூப்பிடவும் கூடாது. கேட்டு வாங்குனா அது ஆட்டமில்ல, பிச்சை. களத்துல தொட்டாலும் சரி, அடுப்படியில தொட்டாலும் சரி, மொற மொறதான்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினாள்.

“சோலைய ஒருத்தன் தொட்டிருக்கான்” என்றார் ஜெகபர் அலி.

“யோவ் பாய்!” தலைவர் குறுக்கே புகுந்தார். “மைக்குல சொல்லியாச்சுய்யா!”

“நீங்க என்ன வேணா சொல்லுங்க. அஞ்சு வருசத்துக்கு முந்தி, தை மாசம். கிட்டங்கி வாசல்ல பாக்குறேன், நெத்தி நடுவுல சாம்பல். என்னப்பா, அதிசயமா கோயிலுக்குப் போனியான்னேன். இல்ல பாய், தொட்டாச்சுன்னான். யாருடான்னேன். சொல்லல. சிரிச்சான். தோத்தவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல, பெருநாளைக்குப் புதுச்சட்டை போட்ட புள்ளையாட்டம். பொழுது சாயுற வரைக்கும் தொடைக்கல. வேர்வை வழியுது, அந்தப் பொட்டை விட்டுட்டுச் சுத்தி ஒத்தி எடுக்குறான் துண்டால.”

விசிறி ஒச்சம்மாளின் மடியில் கிடந்தது.

“சரி, தொட்டவன் வந்து தட்டட்டும், மறுபடி எறங்குன்னேன். வரும் பாய், சத்தம் வரும்னான். ஒவ்வொரு மாசிக்கும் கேப்பேன். தட்டினானாடா? இன்னும் இல்ல பாய். போன வெள்ளிக்கிழமகூடக் கேட்டேன். இன்னும் இல்ல, ஆனா வரும்னான். இவனோட சம ஆளு உலகத்துல ஒருத்தன் இருந்திருக்கான். ஜெயிச்சவன் வந்து ரெண்டு தட்டு… ரெண்டே தட்டுத் தட்டறதுக்கு அம்புட்டுத் திமிரு! எந்த ஊர்க்காரனோ, அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா…” தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா தங்கச்சி? வீட்டுக்கு யாரும் வந்தாகளா?”

பந்தலில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“இல்லண்ணே” என்றாள் ஒச்சம்மாள். “யாரும் வரல.”

அடிகளெல்லாம் அவளுக்குத் தெரியும். காலடி தெரியும். மூச்சைப் பார்த்தே அடுத்த வீச்சு எந்தப் பக்கம் என்று தெரியும். இந்த ஒன்று மட்டும் தெரியாது. அதைச் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தூணாக நின்றவளிடம் யாரும் களத்து முறையை விளக்குவதில்லை. பிறகு, அவள் தூண் இல்லை என்று ஆன பிறகு, சொல்ல முடியாது. சொன்னால் கேட்டு வாங்கினதாகிவிடும்.

துவைகல்லும், மூலையில் இருந்த கம்பும், நுரை வாயோடு ஓடி வந்து உலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. வேற ஒண்ணும் இல்லையே?

சபை இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. தொட்டவன் ஆஜராகாதபடியால், தலைவரே தொட்டதாகக் கருதப்பட வேண்டும் என்று தலைவரே முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. ஜெகபர் அலி எழுந்து போய் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டார்.

தலைவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். கால்மாட்டில் நின்று கம்பைச் சுழற்றினார். வலது கால் வரவேண்டிய இடத்தில் இடது கால் வந்தது. சலாமோடு விட்டிருக்கலாம். “மறைந்த வீரருக்குப் பிடித்த சோலைமுத்து மாத்து!” என்று அறிவித்துவிட்டுக் கம்பை உச்சிக்கு ஏற்றினார். கம்பு உச்சியில் நின்றது.

ஒச்சம்மாளின் மடியில் வலக்கை விரிந்தது. இடக்கை மூடிக்கொண்டது.

தலைவருக்கு வலக்கை விட்டதே தவிர, இடக்கை போய்ச் சேரவில்லை. கம்பு பந்தல் கீற்றில் முட்டி, கொட்டுக்காரர் ஒருவரின் தலையில் தட்டிவிட்டுச் சாக்கடையில் விழுந்தது. “வீர வணக்கம்!” என்று தலைவர் அவசரமாகக் கத்தினார். மற்ற எழுவரும் திருப்பிக் கத்தினார்கள்.

பாடையில் ஏற்றிக் கட்டினார்கள். சுமக்கிறவர்கள் நான்கு மூலையிலும் போய் நின்றார்கள். சிவனம்மாள் ஒச்சம்மாளின் தோளைத் தொட்டாள்.

“ஒச்சா, உள்ள போயிரு. தூக்குனதும் வாசப்படியில குறுக்க உலக்கையப் போடணும். நான் எடுத்தாரேன்.”

“நானே எடுக்குறேன்.”

அடுக்களை மூலையில் உலக்கை இருந்தது. எடுத்தாள். வாசல்படிக்கு வந்தாள். பாடை நாலடி தூரத்தில் கிடந்தது. தாடைக்கட்டு அப்படியே இருந்தது. பொன்னாடை கழுத்துவரை மூடியிருந்தது. நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது. பட்டை திருநீறு பூசியிருந்தார்கள்.

“ஆச்சா? தூக்கலாமா?” என்றார் தலைவர்.

ஒச்சம்மாள் உலக்கையை நேராக நிறுத்தினாள். ஒருமுறை தூக்கி, படிக்கல்லில் வைத்தாள். பூண் பட்டு ‘டொக்’ என்றது. உலக்கை மேலே ஏறியபோது வலக்கை விட்டது, இடக்கை வாங்கிக்கொண்டது. இரண்டாவது ‘டொக்’.

வேப்பமரத்தடியில் ஜெகபர் அலி திரும்பினார். வாசலைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், உலக்கையைப் பிடித்திருந்த இடக்கையைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“யாரம்மா அது, தூக்குற நேரத்துல சத்தம் போட்டுக்கிட்டு!” என்றார் தலைவர்.

ஒச்சம்மாள் பாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இமை கொட்டவில்லை.

சோலைமுத்து எழுந்து வரவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள். கொட்டு முன்னே போயிற்று, சட்டியோடு மூக்கையா போனான், சபை போயிற்று. தெரு திரும்பும்வரை பொன்னாடையின் சரிகை வெயிலில் மினுக்கியது. அப்புறம் அதுவும் இல்லை.

சிவனம்மாள் வீட்டைக் கழுவிவிட்டாள். குழிக்குக் கொடுத்தனுப்பிய ஒரு படி போக, வீட்டில் உப்பு நிறைய இருந்தது.